மூச்சை அளந்தவர்கள்

உடல்நலம் குறித்த நம் காலத்துப் பேச்சு பெரிதும் எண்களின் பேச்சாக ஆகிவிட்டது. ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது, எத்தனை மணி நேரம் ஆழ்ந்து உறங்கினோம் என்று மணிக்கட்டில் கட்டிய கருவி கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து மனம் மகிழ்கிறது அல்லது வாடுகிறது. இதைப் புத்தம்புதிய போக்கு என்றே பலரும் கருதுகின்றனர். தன் உடலைத் தானே அளந்துகொள்ளும் பழக்கம் வேண்டுமானால் புதியதாக இருக்கலாம். பிறர் உடலை எண்ணாக்கிக் குறித்துவைக்கும் வழக்கம் நம் கடற்கரைகளில் இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு உடையது.

இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை அவ்வரலாற்றை வாசிக்க ஏற்ற இடம். மன்னார் வளைகுடாவையும் பாக்கு நீரிணையையும் இருபுறமும் கொண்ட இந்தச் சிறு நிலப்பகுதியில் மனிதரின் மூச்சும் குருதியும் தோள்வலியும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆட்களால் அளக்கப்பட்டுள்ளன. யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள், யாருடைய நலனுக்காக அளந்தார்கள் என்னும் மூன்று கேள்விகளோடு அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

*

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 'குளித்தல்' என்றால் இன்று நமக்கு உடம்பில் நீர் ஊற்றித் தூய்மை செய்துகொள்வது. பழந்தமிழில் அச்சொல்லின் முதன்மைப் பொருள் மூழ்குதல், உட்புகுதல் என்பதாகும். மார்பில் பாய்ந்த அம்பும் 'குளிக்கும்'. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் மட்டும் அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. வகுப்பறையில் இச்சொல்லை விளக்கும்போது உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் வியப்பார்கள்; கடலோர ஊர் மாணவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. உழைப்பைக் குறித்த ஒரு சொல் காலப்போக்கில் உடல் தூய்மையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. இந்தக் கடற்கரையின் உடல் வரலாறு முழுவதும் அந்தச் சொல்லின் பயணத்தில் சுருக்கமாக அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

சங்கப் பாடல்களில் சுறாமீனை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கும் பரதவரைக் காண்கிறோம். கொற்கையின் முத்து பேசப்படுகிறது. அதை எடுக்க எத்தனை முறை மூழ்கினார்கள், எவ்வளவு நேரம் மூச்சடக்கினார்கள் என்பன பேசப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளிப்பை விரிவாக எழுதியுள்ளார். சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார் அவர். பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. ஆபத்து உணரப்பட்டது, அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. ஆயினும் குளியாளின் உடல் அளவிடப்படவில்லை. நேரத்தை அளக்க அப்போது பிரார்த்தனைகள்தாம் இருந்தன. 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியரான ரிபைரோ, இரண்டு முறை விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம்வரை குளியாள் நீருக்குள் இருப்பார் என்று எழுதினார்.

*

கடிகாரம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1796இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கையின் கரையோரம் பிரிட்டிஷாரின் கைக்குப் போனது. அத்தோடு மன்னார்ப் பக்கத்து முத்துச் சலாபமும் போயிற்று. சலாபம் கூடும் காலத்தில் கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இக்கரை ஊர்களிலிருந்து முஸ்லிம் குளியாள்களும் பரதவர்களும் படகேறி அக்கரைக்குப் போவது வழக்கம். கால்விரலிடையில் கயிறு கட்டிய கல், இடுப்பில் வலைப்பை, மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் துணையாள், இவ்வளவே கருவிகள். அரேபியக் குளியாள்கள் கொம்பில் செய்த கவ்வியால் மூக்கை அடைத்துக்கொண்டனர். நம்மவர்கள் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டனர்.

பிரிட்டிஷ் படை அதிகாரி இராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட தமது நூலில் இக்குளியாள்களை வியந்து எழுதுகிறார். ஒருவர் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை மூழ்குவார் என்றும், ஒவ்வொரு முறையும் நூறு சிப்பிகள்வரை கொண்டுவருவார் என்றும் கணக்குத் தருகிறார். 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் நீருக்குள் இருந்தார் என்றும் சொல்கிறார். மேலே வரும்போது வாயிலும் காதிலும் மூக்கிலும் நீர் வடியும், பலமுறை குருதியும் வடியும் என்று குறிப்பிட்டு, அது அவர்கள் மறுமுறை இறங்குவதைத் தடுப்பதில்லை என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். குருதி அவருக்கு ஒரு விவரம். சிப்பியின் எண்ணிக்கை மற்றொரு விவரம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு வியப்பு வடிந்து துல்லியம் வந்தது. இலங்கை அரசின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தமது நூலில், முத்துப் பாறைகளின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றிய கேப்டன் ஸ்டூவர்ட் தந்த செய்தியைப் பதிவு செய்கிறார். எந்தக் குளியாளும் 87 விநாடிக்கு மேல் அடியில் தங்கி அவர் கண்டதில்லை. 13 பாகத்துக்கு, அதாவது 78 அடிக்குக் கீழே போய்க் கண்டதில்லை. வழக்கமாக 9 பாகம் ஆழத்தில் 55 விநாடிதான். ஆறு நிமிடக் கதையை 87 விநாடி என்னும் உண்மை தள்ளிவிட்டது. அறிவியலின் நோக்கில் இது முன்னேற்றமே. ஆனால் இந்த எண்கள் எதற்காகச் சேகரிக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மூச்சுக்கு எத்தனை சிப்பி, ஒரு நாளுக்கு எத்தனை மூச்சு, ஒரு பருவத்துக்கு எவ்வளவு வருவாய் என்று கணிக்க அவை தேவைப்பட்டன. 1905ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இலங்கை அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாள் தரப்புக்கு. அந்தப் பேராசையின் விளைவைப் போலப் பின்னர் பாறைகள் வறண்டன. குத்தகை எடுத்த இலண்டன் நிறுவனமும் நொடித்தது. சிப்பி ஏன் குறைந்தது என்று அறிய அறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர், அறிக்கைகள் தொகுதி தொகுதியாக அச்சாயின. இருபது ஆண்டுகள் மூழ்கி எழுந்த ஒருவரின் செவியும் நுரையீரலும் என்னவாயின என்னும் கேள்விக்கு அத்தகைய அறிக்கைகள் எழுதப்படவில்லை.

*

முத்தெடுக்கப் போன உடல்களைவிடப் பன்மடங்கு கூடுதலான உடல்கள் இதே கடலைக் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. காப்பிக் காலத்தில் பாம்பன் பக்கத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்தே கண்டிச் சீமைக்குப் போனார்கள். காலராவும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. 1914 பிப்ரவரியில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டு, அடுத்து தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் தொடர்பும் ஏற்பட்டபோது பயணம் எளிதாயிற்று. அந்தப் பயணத்தின் வாசலில் நின்றது மண்டபம் முகாம்.

இந்திய மண்ணில் இருந்தாலும் இலங்கைத் தரப்பின் பொறுப்பில் நடந்த தொற்றுத்தடுப்பு முகாம் அது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் சில நாள்கள் அங்கே நிறுத்திவைக்கப்பட்டனர். உடைகள் நீராவியில் வேகவைக்கப்பட்டன. அம்மை குத்தப்பட்டது. காலரா, பிளேக் அறிகுறிகள் தேடப்பட்டன. கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டப்பட்டது. இவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல என்பதில் ஐயமில்லை. நடைவழிச் சாவுகளோடு ஒப்பிட்டால் முகாம் ஒரு நன்மையே. எனினும் கொக்கிப்புழுவின் மேல் தோட்டத்துரைகளுக்கு அவ்வளவு அக்கறை ஏன் வந்தது என்று கேட்டால் விடை தெளிவானது. அப்புழு குருதியை உறிஞ்சும், சோகை வரும், சோகை பிடித்தவரால் மலையேறிக் கொழுந்து பறிக்க இயலாது. உடல்நலம் இங்கே வேலைத்தகுதி என்னும் பொருளைப் பெற்றது. தேறியவர் கப்பலேறினார், தேறாதவர் முகாமின் இப்புறத்தில் தங்கினார். 1939இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்யும்வரை இந்த வடிகட்டல் நடந்தது.

பின்னர் 1949இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. மனித உடலைச் சோதித்த ஊர் மீனையும் பாசியையும் சோதிக்கும் ஊராயிற்று.

*

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கடலில் முற்றிலும் புதிய ஓர் உடல் தோன்றியது. எதையும் எடுத்துவராத உடல் அது. கடலுக்குள் இறங்கி, மறுகரையில் வெறுங்கையோடு ஏறி, அதற்காகவே போற்றப்பட்ட உடல்.

1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்ததிலிருந்து கடல் ஓர் ஆடுகளமாகவும் மாறியிருந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தக் காலம் 1954இல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு ஒரு நாளுக்கும் மேலாக நீந்தி வந்து சேர்ந்தார். இராமேசுவரத் தீவின் பக்கம் அந்தப் புகழ் 1966இல் எட்டியது. வங்காளத்து வழக்கறிஞர் மிகிர் சென் அவ்வாண்டு ஏப்ரலில் தலைமன்னாரில் இறங்கி 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தி தனுஷ்கோடியில் கரையேறினார். இந்தியக் கடற்படை துணைக்கு வந்தது.

அவர் ஏறிய கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்து பதினாறு மாதங்களே ஆகியிருந்தன. இரயிலும் பயணிகளும் துறைமுகமும் கடலில் போய்விட்ட ஊர் அது. தொழில் இழந்து, வீடிழந்து, கடலைப் பார்க்கவே அஞ்சிய மக்களின் கரையில் கடலை வென்ற மனிதர் வந்து நின்றார். புதிய குடியரசுக்கு இத்தகைய வெற்றிகள் தேவைப்பட்டன. இந்திய உடல் எவருக்கும் குறைந்ததல்ல என்று உலகுக்குக் காட்டும் ஆவல் அக்காலத்துக்கு உரியது. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா ஆகியவற்றையும் அவர் நீந்திக் கடந்தார்.

அதன்பின் வந்தவர்களின் வரிசையைப் பார்த்தால் உடல்வலிமை குறித்த கருத்து மாறிவந்ததை உணரலாம். 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, திரும்பவும் நீந்திப் போனார். 51 மணி நேரம். அவருக்குச் சாதனைப் புத்தகங்கள் முக்கியமாக இருந்தன. 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும் முயற்சியிலேயே உயிர் நீத்தார். 1994இல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீசுவரன் கடந்தபோது தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அனுப்பும் ஆசை கொண்டனர். 2004இல் பூலா சௌத்ரி நீந்தினார். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த, ஆட்டிசம் உள்ள பதிமூன்று வயதுச் சிறுமி ஜியா ராய் ஏறத்தாழ 13 மணி நேரத்தில் அரிச்சல்முனைக்கு வந்து சேர்ந்தார். அம்முயற்சி ஆட்டிசம் குறித்த விழிப்புணர்வுக்காக மேற்கொள்ளப்பட்டது. நாட்டின் மானம், பின் தனிமனிதச் சாதனை, பின் குழந்தை வளர்ப்பின் கனவு, இன்று மனநலமும் விழிப்புணர்வும். கடல் அதேதான், அதைக் கடப்பதன் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் துணைப்படகில் மருத்துவர் இருந்திருப்பார், நேரம் குறிப்பவர் இருந்திருப்பார். நீந்தியவரின் நலம் அங்கே முதல் அக்கறையாக இருந்தது. முந்திய நூற்றாண்டின் குளியாளுக்குக் கிடைக்காத அக்கறை அது.

*

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. ஆனால் இக்கடலில் மூழ்கி எழும் தொழில் முடியவில்லை. அது பெண்களின் கைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வரத்து தடைபட்டபோது இந்தியக் கடற்பாசியின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. கிருமிகளை வளர்த்துச் சோதிக்க ஆய்வுக்கூடங்களுக்கு அகர் தேவை. உணவுத் தொழிலுக்கும் தேவை. 1960களுக்குப் பின் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கத்து மீனவப் பெண்கள் பாசி எடுக்கும் தொழிலில் பெருமளவில் இறங்கினர். விடியுமுன் வத்தையில் ஏறித் தீவுகளின் ஓரம் போய், சேலைக்கு மேல் சட்டை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு ரப்பர் செருப்பும் போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி அகருக்குப் போகிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசி பெயரிலேயே தன் கதையைச் சொல்கிறது. கடலோரத்தில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்த காலம் ஒன்று உண்டு. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் இவ்வகைப் பண்டமே. இப்போது அதே பாசியின் சாறு நகரத்து நலவிரும்பிகளின் உணவுகளிலும் மருந்துகளிலும் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் முகம் தெரியாமல் கலந்திருக்கிறது.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. தீவுக்குப் போவது குற்றமாயிற்று. பாசி எடுத்தவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமியும் அவருடைய தோழியரும் இதை எதிர்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் நிறுத்திவைப்பது, பவளப்பாறையைச் சேதப்படுத்தாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று தாமே விதிகளை வகுத்துக்கொண்டு, தம் உரிமைக்காக அதிகாரிகளிடம் பேசினார்கள். 2015இல் லட்சுமிக்கு அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. கடலின் நலத்தைக் காத்தவர் என்பதற்காக அந்த விருது.

கடலின் நலம் காத்தவர்களின் உடல்நலம்? கொரியாவின் ஜேஜு தீவில் இவர்களைப் போலவே மூச்சடக்கி மூழ்கும் 'ஹேன்யோ' பெண்கள் இருக்கிறார்கள். 1960களில் உடலியல் அறிஞர்கள் அவர்களுடைய மூச்சையும் உடற்சூட்டையும் ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 1967இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கட்டுரையாக வந்து உலகம் அறிந்தது. 2016இல் யுனெஸ்கோ அவர்களின் தொழிலை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அவர்களின் மருத்துவச் செலவுக்கு ஜேஜு நிர்வாகம் உதவுகிறது. இந்தோனேசியாவின் பஜாவு மக்களைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வு, தலைமுறை தலைமுறையாக மூழ்கியதால் அவர்களின் மண்ணீரல் அண்டை மக்களுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக இருப்பதைக் காட்டியது. இராமநாதபுரத்துப் பாசிப் பெண்களுக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடமில்லை. அவர்களை அன்றாடம் அளக்கும் கருவி தராசு ஒன்றுதான். இன்று எத்தனை கிலோ என்பதே கேள்வி.

*

பெர்சிவலின் கணக்கிலிருந்து இன்றைய தராசுவரை ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அளந்தவர்கள் பெரும்பாலும் அந்த உடலிலிருந்து எடுக்கக்கூடியதையே அளந்தனர். குளியாளின் மூச்சு சிப்பிக்கணக்கில் எழுதப்பட்டது. தொழிலாளியின் குருதி கொழுந்துக்கணக்கில். பாசிப் பெண்ணின் நாள் கிலோக்கணக்கில். நீந்திக் கடந்தவர்களுக்கு மட்டுமே உடல் தன் பொருட்டே மதிக்கப்பட்டது. உடலுழைப்பால் கூலி கிடைத்தால் அது வேலை, கிடைக்காவிட்டால் அது உடற்பயிற்சி என்று நாம் பிரித்துவைத்திருக்கும் எல்லைக்கோடு எவ்வளவு விந்தையானது என்பதை இந்தக் கடற்கரை காட்டுகிறது. அரிச்சல்முனையில் பதிமூன்று மணி நேரம் நீந்தி வரும் சிறுமிக்கு மாலை போடுவது நல்ல செயல். அவள் அதற்குத் தகுதியானவள். அதே தீவின் இன்னொரு கரையில் காலையிலிருந்து மூழ்கி எழுந்து வத்தையிலிருந்து இறங்கும் ஐம்பது வயதுப் பெண்ணை நம் உடல்நல வரலாறு எந்த அத்தியாயத்தில் சேர்க்கப்போகிறது?

இதைப் பழங்கதையாக ஒதுக்கிவிட முடியாது. இம்மாவட்டத்தின் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசியை எதிர்கால உணவென்றும் எதிர்கால மருந்தென்றும் உலகம் கொண்டாடும் காலம் இது. தொழில் பெருகும், நீரில் நிற்கும் கைகளும் பெருகும். அவர்களின் செவி, கண், தோல், மூட்டு ஆகியவற்றைப் பாசியின் எடையோடு சேர்த்து ஓர் ஏட்டில் குறிக்கத் தொடங்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஊர் சுகாதார நிலையம் ஒன்று மனம் வைத்தால் போதும். கடலிலிருந்து அவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்பதற்கு இருநூறு ஆண்டுக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதற்கான கணக்கை இனியாவது எழுதத் தொடங்க வேண்டும்.